நேப்பிள்ஸில் இரண்டு நாள்... நிதானமாகச் சாப்பிட!

டூர் என்றாலே நம் வீடுகளில் ஒரு கணக்கு உண்டு. ஆறு நாளில் ஒன்பது ஊர். விடியற்காலை ஐந்து மணிக்குக் காபி, பஸ்ஸிலேயே டிபன், எங்கோ ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் பொட்டலச் சாப்பாடு. திரும்பி வரும்போது நூறு போட்டோவும், கூடவே நெஞ்செரிச்சலும், மாத்திரை வேளை தப்பியதால் எகிறிப்போன ஷுகரும்! உண்டா, இல்லையா?

ஒரு தடவை இப்படிச் செய்து பாருங்களேன். ஒரே ஊர். வெள்ளிக்கிழமை மாலை போய் இறங்கி, ஞாயிறு ராத்திரி வரை அங்கேயே இருப்பது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் எதுவும் வேண்டாம். சாப்பிடுவதுதான் வேலை. அதுவும் அவசரப்படாமல்!

‘ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுகிற பத்திரிகையில் சாப்பாட்டு டூரா?’ என்று நீங்கள் முறைப்பது தெரிகிறது. நான் சொல்லப்போகிற ஊர் இத்தாலியின் தென்பகுதியில், மத்தியதரைக் கடல் ஓரமாக, வெசூவியஸ் எரிமலைக்குப் பக்கத்தில் இருக்கும் நேப்பிள்ஸ். ஊர்க்காரர்கள் நாபொலி என்பார்கள். ‘மெடிட்டரேனியன் டயட் நல்லது’ என்று இன்று உங்கள் டாக்டர் சொல்கிறார் அல்லவா? அந்தப் பேச்சு பெரிய அளவில் கிளம்பியதில் இந்த ஊருக்கு முக்கியப் பங்கு உண்டு.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்று ஒரு உடலியல் விஞ்ஞானி இருந்தார். 1951ல் ரோம் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் நேப்பிள்ஸ் பேராசிரியர் ஒருவர், ‘எங்கள் ஊரில் ஹார்ட் அட்டாக் ஒரு பிரச்னையே இல்லை’ என்றாராம். அமெரிக்காவில் நடுவயது ஆண்கள் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துகொண்டிருந்த காலம் அது. கீஸுக்கு நம்ப முடியவில்லை. 1952ல் மனைவி மார்கரெட்டையும் அழைத்துக்கொண்டு நேப்பிள்ஸுக்கே போய்விட்டார். அந்த அம்மாள் உயிர்வேதியியல் படித்தவர். கணவர் ரத்தம் எடுக்க, மனைவி கொலஸ்ட்ராலை அளந்தார். உழைக்கும் ஜனங்களுக்குக் குறைவாகவும், வாரம் முழுக்க இறைச்சி சாப்பிட வசதி இருந்தவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு 1958ல் ஏழு நாடுகளில் பெரிய ஆய்வு தொடங்கியது. ‘தனக்குச் சாதகமான நாடுகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்’ என்று கீஸைத் திட்டியவர்களும் உண்டு, இன்றும் திட்டுகிறார்கள். அவரோ நேப்பிள்ஸுக்குத் தெற்கே பியோப்பி என்கிற மீனவ கிராமத்தில் வீடு கட்டிக்கொண்டு, அந்த ஊர்ச் சாப்பாட்டையே சாப்பிட்டு, 2004ல் தமது நூறாவது வயதில் காலமானார். மார்கரெட் அம்மாள் 97 வயது வரை இருந்தார். இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனாலும் கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா?

பெரியப்பாவும் எட்டே முக்கால் மணிப் பீட்ஸாவும்

ஜெர்மனியில் வேலை பார்க்கிற அண்ணன் (பெரியப்பா மகன்) ஒரு நவம்பர் மாதம் எங்களை நேப்பிள்ஸ் அழைத்துப் போனார். பெரியப்பாவுக்குப் பதினான்கு வருஷமாக ஷுகர். வீட்டில் ஏழு மணிக்கு மாத்திரை, ஏழரைக்கு இரண்டு சப்பாத்தி. கடிகாரம் தப்பினாலும் தப்பும், அவர் தப்பமாட்டார்!

அன்றைக்கும் ஏழு மணிக்கு ஓட்டல் அறையிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினார். அந்த ஊரில் ராத்திரி சாப்பாட்டுக் கடைகள் சூடு பிடிப்பதே எட்டு மணிக்கு மேல் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. பழைய நகரத்தில் ட்ரிபுனாலி வீதி என்று ஒன்று. குறுகலான தெரு, இரண்டு பக்கமும் பீட்ஸாக் கடைகள், வாசலில் கும்பல். பெயரைக் கொடுத்துவிட்டு நின்றோம். எட்டு மணி. எட்டே கால். “என்னமோ மாதிரி இருக்குடா...” என்றார் பெரியப்பா. நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. கை நடுங்குகிறது. அந்தக் குளிரில்!

நல்லவேளை, பக்கத்திலேயே ஒரு காபிக் கடை. பெரியம்மா ஓடிப்போய் கவுன்ட்டரில் இருந்த சர்க்கரைப் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு வந்து, தண்ணீரில் கலந்து கொடுத்தார். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தெளிந்துவிட்டார். எட்டே முக்காலுக்குப் பீட்ஸா வந்தது.

இதை எதற்காக இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், வெளியூரில் சாப்பாடு தாமதமாவது சின்ன விஷயமில்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரைகளும், சாப்பாட்டுக்கு முன் போடுகிற இன்சுலினும், சோறு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காது. தன் வேலையை ஆரம்பித்துவிடும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த பயம் ரொம்பக் குறைவு. உங்கள் மாத்திரை எந்த ரகம், சாப்பாடு தாமதமானால் என்ன செய்வது என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நவம்பர் மாதத்தில் இந்தியாவைவிட அங்கே கடிகாரம் நாலரை மணி நேரம் பின்னால் ஓடும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பையில் எப்போதும் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில். கால் மணி நேரம் கழித்தும் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிதான்.

சரி, பீட்ஸாவுக்கு வருவோம். நேப்பிள்ஸ் பீட்ஸா நம் ஊர் மால்களில் விற்கிற சீஸ் மெத்தை அல்ல. விறகு அடுப்பு, 430 டிகிரிக்கு மேல் வெப்பம், ஒன்றரை நிமிஷத்துக்குள் வெந்துவிடும். நடுவில் சப்பாத்தி மாதிரி மெல்லிசு. ஓரம் மட்டும் உப்பிக்கொண்டு, அங்கங்கே கருகின புள்ளிகளோடு இருக்கும். இதைச் செய்கிற கைத்திறமைக்கு 2017ல் யுனெஸ்கோ பாரம்பரிய அந்தஸ்தே கொடுத்துவிட்டது. தக்காளி, துளசி மாதிரி ஒரு இலை, மொஸரெல்லா போட்டது மார்கெரிட்டா. அதற்கும் பழையது மரினாரா. அதில் சீஸே கிடையாது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். வேண்டுமென்றே சொல்கிறேன், மரினாராவைக் கேட்டு வாங்குங்கள். ருசியில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் ஆளுக்கு ஒன்று வேண்டாம். ஒரு முழுப் பீட்ஸாவில் ஏறக்குறைய 150 கிராம் மைதா இருக்கும். வீட்டில் ஐந்து சப்பாத்திக்கு ஆகிற மாவு! அந்த மாவில் மட்டுமே கிட்டத்தட்ட 4 கிராம் உப்பு சேர்ந்துவிடும். ஒரு நாள் முழுக்கவே 5 கிராமுக்குக் கீழே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.பி. உள்ளவர்கள் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அங்குள்ளவர்கள் ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள்தான். இரண்டு பேருக்கு ஒன்று கேட்டால் யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

இலை தின்னிகள்!

சனிக்கிழமை காலை சீக்கிரம் எழுந்திருக்காதீர்கள். அதற்காகத்தானே வந்திருக்கிறீர்கள்! எட்டரைக்கு ஒரு காபிக் கடை. நின்றுகொண்டே குடிப்பதுதான் வழக்கம். முதலில் ஒரு சின்ன தம்ளர் தண்ணீர் வைப்பார்கள். வாயைச் சுத்தமாக்கிக்கொண்டு அப்புறம் காபி. இரண்டு வாய்தான் இருக்கும், ஆனால் ஆளைத் தூக்கிவிடும். சர்க்கரை வேண்டாம் என்றால் ‘அமாரோ’ என்று சொல்லுங்கள். இன்னொரு அழகான பழக்கம்: ஒரு காபி குடித்துவிட்டு இரண்டுக்குக் காசு கொடுப்பார்கள். பின்னால் வரும் வசதியில்லாத யாராவது ஒருவர் வந்து அதைக் குடித்துவிட்டுப் போவார். ‘காஃபே சொஸ்பேசோ’ என்று பெயர். பெரியம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு நாளும் கொடுத்தார்.

காபிக்குத் துணையாக ‘ஸ்ஃபோல்யாதெல்லா’ என்று சிப்பி வடிவத்தில் அடுக்கடுக்காக ஒரு பலகாரம், உள்ளே இனிப்புப் பாலாடைக்கட்டிப் பூரணம். சைவக்காரர்களே, கொஞ்சம் நில்லுங்கள்! அந்த மொறுமொறு அடுக்குகளுக்கு வழக்கமாகப் பன்றிக் கொழுப்புதான் தடவுவார்கள். ‘ஸ்ட்ருட்டோ’ என்பது அதன் பெயர். வாங்கும்முன் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். மிளகும் பாதாமும் போட்ட ‘தராலி’ என்கிற முறுக்கு மாதிரியான வளையத்திலும் அதே கதைதான். மொஸரெல்லா, பார்மிஜானோ சீஸ்களையும் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டே பெரும்பாலும் தயாரிக்கிறார்கள். கண்டிப்பான சைவர்களுக்கு மரினாராதான் அடைக்கலம்.

பத்து மணிக்குப் பின்யாசெக்கா மார்க்கெட்டுக்குப் போங்கள். ஊரின் நடுவே, மொன்டெசாந்தோ ரயில் நிலையத்துக்குப் பக்கம். நம் ஊர்க் காய்கறிச் சந்தையை அப்படியே பெயர்த்து வைத்த மாதிரி இரைச்சல்! மீன்காரர் ஒரு பக்கம் கத்துகிறார், ஸ்கூட்டர் ஒன்று கும்பலுக்குள்ளேயே நுழைகிறது. கொத்துக் கொத்தாகத் தொங்குகிறதே, அது வெசூவியஸ் சரிவில் விளைகிற குட்டித் தக்காளி. கொடியோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டால் குளிர்காலம் முழுக்கக் கெடாது. நம் வீடுகளில் பூண்டைக் கட்டித் தொங்கவிடுவது போலத்தான்.

அதற்குப் பக்கத்தில் மலைபோல் குவிந்திருக்கிற கீரையைப் பாருங்கள். ‘ஃப்ரியாரியெல்லி’. கடுகுக் குடும்பம், இலையும் மொட்டுமாகக் கொஞ்சம் கசக்கும். பூண்டும் காய்ந்த மிளகாயும் ஆலிவ் எண்ணெயில் தாளித்து அப்படியே வதக்குவார்கள். ‘அட, நம் கீரைப் பொரியல்!’ என்று தோன்றும் உங்களுக்கு. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. நேப்பிள்ஸ்காரர்களை மற்ற ஊர்க்காரர்கள் ‘மக்ரோனி தின்னிகள்’ என்று கேலி செய்வார்கள். ஆனால் பதினேழாம் நூற்றாண்டுக்கு முன்னால் அவர்களுக்கு இருந்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? ‘இலை தின்னிகள்’! கீரையும் முட்டைகோஸும்தான் அவர்கள் வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தன. பாஸ்தா மலிவானது பிற்பாடுதான். இந்த மண்ணின் சாப்பாடு என்றால் முதலில் பச்சை, அப்புறம்தான் மாவு. ஓட்டலில் ‘கொந்தோர்னி’ என்கிற தலைப்பின் கீழ் காய்கறி வகைகளைத் தனியாகப் போட்டிருப்பார்கள். முதலில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். ஷுகர் உள்ளவர்கள் காய்கறியை முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுப் பண்டத்துக்குப் போனால், சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது.

மத்தியானத்துக்கு, அலங்காரமில்லாத ஒரு சின்னக் கடையாகப் பார்த்து நுழைந்து, பீன்ஸ் பயறு போட்ட பாஸ்தா கேளுங்கள். ‘பாஸ்தா எ ஃபாஜோலி’. கடைகளில் மூட்டையின் அடியில் உடைந்து தங்கிய பல வடிவப் பாஸ்தாக்களைக் கலந்து மலிவாக விற்பார்கள். ஏழைகள் அதை வாங்கிப் பயறோடு குழைய வேகவைத்துச் சாப்பிட்டார்கள். இன்று அதே ‘கலவைப் பாஸ்தா’வைப் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள்! பயறும் மாவும் சேர்ந்த இந்தக் கிண்ணம்தான் கீஸ் பார்த்த நேப்பிள்ஸ். இதில் பன்றித் தோல் சேர்க்கிற கடைகளும் உண்டு. ‘செந்த்ஸா கார்னே’ என்றால் இறைச்சி இல்லாமல்.

ஆலிவ் எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பெயினில் சுமார் 7,400 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 2013ல் வெளிவந்து, ஆட்களைப் பிரித்த முறையில் குறை இருந்ததால் திரும்பப் பெறப்பட்டு, 2018ல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். மத்தியதரைச் சாப்பாட்டோடு நல்ல ஆலிவ் எண்ணெயோ கொட்டை வகைகளோ சேர்த்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் சேர்ந்து சுமார் 30 சதவிகிதம் குறைவு என்பது முடிவு. அதற்காக ஊற்றித் தள்ளாதீர்கள். ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. அதை வேறு கொழுப்புக்குப் பதிலாகச் சாப்பிட வேண்டும், வேறு கொழுப்போடு சேர்த்து அல்ல.

சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் அறைக்குப் போய்ப் படுங்கள். மாலையில் எலுமிச்சை விற்கிற சின்னப் பெட்டிக் கடைகளில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். எலுமிச்சைச் சாறு, சோடா, அதில் ஒரு கரண்டி சோடா உப்பு. போட்ட மாத்திரத்தில் பொங்கி வழியும். மேலே கொட்டாமலிருக்கக் காலை அகட்டிக்கொண்டு, குனிந்து ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். அதன் பெயரே ‘காலை அகட்டிக் குடிக்கும் எலுமிச்சை’! ஜீரணத்துக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. சோடா உப்பு என்பது சோடியம். பி.பி., சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வேடிக்கை பார்ப்பதோடு சரி.

ராகு காலம்

ஞாயிற்றுக்கிழமை நேப்பிள்ஸில் ‘ராகு’. பயப்படாதீர்கள், கிரகம் இல்லை. தக்காளிக் குழம்பின் பெயர்! பெரிய பெரிய இறைச்சித் துண்டுகளைத் தக்காளியில் போட்டு, ஐந்தாறு மணி நேரம், சில வீடுகளில் அதற்கும் மேல், அடங்கிய தீயில் வேகவிடுவார்கள். எப்போதாவது ஒரு குமிழி மேலே வந்து ‘பிப்’ என்று உடைய வேண்டும். அதற்கென்றே ‘பிப்பியாரே’ என்று ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். வேகமாகக் கொதித்தால் அது ராகு இல்லையாம். காலையில் சந்துகளில் நடந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் அந்த வாசனைதான்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். குழம்பைப் பாஸ்தாவில் விட்டு முதலில் சாப்பிடுகிறார்கள். இறைச்சி பின்னால், தனியாக, கொஞ்சமாக வருகிறது. ஒரு காலத்தில் அதுதான் வாரம் முழுவதற்குமான இறைச்சி. ஆரோக்கியத்துக்காக அப்படி அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்காதீர்கள். கையில் காசில்லை, அவ்வளவுதான். கீஸ் போனபோது உலக யுத்தம் முடிந்து ஏழு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. இதைச் சொல்லாமல் மெடிட்டரேனியன் டயட்டைப் புகழ்வது எனக்குச் சம்மதமில்லை.

ஒன்றரை மணிக்கு உட்கார்ந்தோம். எழுந்தபோது நாலே கால்! அடுத்த மேஜையில் பாட்டியிலிருந்து பேரக் குழந்தை வரை பதினோரு பேர். ஒரு தட்டு முடிந்து இன்னொரு தட்டு வருவதற்குள் ஒரு சண்டை, ஒரு சமாதானம், ஒரு பாட்டு. முதலில் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “என்னப்பா இவ்வளவு லேட் பண்றான்?” என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவரும் பேச ஆரம்பித்தார். அண்ணன் ஸ்கூலில் படித்த காலத்தில் வேலையை விட்டுவிடலாமா என்று தவித்ததை அன்றைக்குத்தான் சொன்னார். பெரியம்மாவுக்கே அது புதுச் செய்தி. வீட்டில் ஏழரை மணிச் சப்பாத்தி பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதில் எங்கே பேசுவது?

மெதுவாகச் சாப்பிடுவதில் வைத்திய லாபமும் உண்டு. ‘போதும்’ என்கிற சேதி வயிற்றிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் இருபது நிமிஷம் பிடிக்கும். அதற்குள் தட்டைக் காலி செய்துவிட்டால் மூளை என்ன செய்யும், பாவம்! இத்தாலிய உணவு வழிகாட்டியில் ஒரு வேளைப் பாஸ்தாவின் அளவு உலர்ந்த நிலையில் 80 கிராம். கடித்தால் நடுவில் லேசான உறுதி இருக்கும்படிதான் வேகவைப்பார்கள். குழைந்த பாஸ்தாவைவிட அது சர்க்கரையை மெதுவாக ஏற்றும். மேஜையில் ஒயின் இருக்கும். இதயத்துக்கு நல்லது என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது, பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழக்கமில்லாதவர்கள் ஊருக்காக ஆரம்பிக்க வேண்டாம்.

அந்தப் பதினோரு பேர் மேஜையில் ஒரு பையன், எட்டு ஒன்பது வயதிருக்கும், நல்ல பருமன். பாட்டி கீரைத் தட்டை அவன் பக்கம் நகர்த்த, அவன் திருப்பி நகர்த்த, கடைசியில் அவனுக்குத் தனியாக வந்தது உருளைக்கிழங்கு வறுவலும் ஒரு கோலாவும். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால், நேப்பிள்ஸ் தலைநகராக இருக்கிற கம்பானியா மாநிலம்தான் இத்தாலியிலேயே குழந்தைப் பருமன் மிக அதிகமான இடங்களில் முன்னால் நிற்கிறது. 2010ல் மத்தியதரை உணவுமுறையை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது, அதற்கு அடையாளமாகக் காட்டப்பட்ட இடங்களில் ஒன்று கீஸ் வாழ்ந்த இதே மாநிலத்துக் கடற்கரைதான். அங்கேயே பேரனுக்குப் பாட்டியின் தட்டு பிடிக்கவில்லை! வறுவலும் கோலாவும் இப்போது மலிவு. கீரையை ஆய உட்கார வீட்டில் ஆளில்லை. இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா?

சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குப் போங்கள். வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கே விட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் பழைய கோட்டை, எதிரே வெசூவியஸ். ஊரே குடும்பத்தோடு நடக்கிறது. வேக நடையெல்லாம் இல்லை. நாலு அடி வைத்து, நின்று, பேசி, மறுபடி நாலு அடி. உண்ட பின் அரை மணி நேரம் இப்படி நடந்தாலே ரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். பெரியம்மா முழங்கால் வலியை மறந்து கோட்டை வரை வந்துவிட்டார்.

அன்று ராத்திரி யாருக்கும் பெரிதாகப் பசியில்லை. மறுபடி அதே ட்ரிபுனாலி வீதி, மூன்று பேருக்கு ஒரு மரினாரா, ஒரு தட்டு கீரை. பெரியப்பா மாத்திரையை உறையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “போட்டுக்கோங்களேன்” என்றார் பெரியம்மா.

“இரு, இரு. தட்டு வரட்டும்.”